தம்பியை மீட்ட மொய்

கரிமூட்டத்தில் என் தம்பியை அடித்துவிட்டார்கள் என்று போன் வந்த அன்று எங்கள் வாசலில் கூடிய கூட்டத்தைப் பார்த்ததும், எனக்குக் கோபத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. அப்படி ஒரு கூட்டம். நான் ஓட்டி வந்த லோடு ஆட்டோவை நிறுத்த இடமில்லை.

அதே மூட்டத்தில், அதே முதலாளியிடம் நானும் கிடந்தவன்தான். திருவாடானைப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் போட்டு மூடி, எரிந்து கரியாகும்வரை புகையோடு புகையாகக் காத்துக் கிடக்கிற வேலை. கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணத்தை நானும் என் மனைவியும் உழைத்தே கழித்தோம். கணக்குத் தீர்ந்த அன்று முதலாளி "சரி, போ" என்றார். பஸ் ஏறி வந்தோம். ஆத்தா, "சாப்டியாடா?" என்று கேட்டது. அதோடு சரி.

எங்கள் கதையெல்லாம் தெரிந்தும் தம்பி போய் அதே ஆளிடம் முன்பணம் வாங்கினான். இப்போது, பணத்தைக் கீழே வைக்காமல் வெளியே போகக்கூடாது என்று மறித்து, அடித்து, போனையும் பிடுங்கிக்கொண்டார்களாம். கரி ஏற்ற வந்த லாரி டிரைவரிடம் போன் வாங்கி அவன் மனைவி சொல்லி அழுதாள்.

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏலே, வேனுக்குச் சொல்லுங்கடா. அங்கன போயி ரெண்டு பேரைச் சாய்ச்சாத்தான் அவனுக்குப் புத்தி வரும்."

"சாய்ச்சுப்புட்டு?" என்றாள் என் மனைவி. "போன சண்டைக்கு வாய்தா வாய்தான்னு அலஞ்சே உங்க ஆடு பூராம் போச்சு. இந்தத் தடவ எத விப்பீக மாமா, மீசையவா?"

சிரிக்கக் கூடாத நேரத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சித்தப்பா வேட்டியை இறக்கிவிட்டார்.

தொழிலாளர் சங்கத்து அக்கா ஒருத்தியும் வந்திருந்தது. "அவனுக்கு ஒரு பைசா குடுக்க வேணாம். இப்படி ஆளை அடைச்சு வைக்கிறதே சட்டப்படி குத்தம். கலெக்டர் ஆபீசுல மனுக் குடுப்போம்" என்றது. பேச்சென்னவோ நியாயம்தான். ஆனால் விசாரணைக்கு ஆள் வருவதற்குள் தம்பியை வேறு மாவட்டத்துக்கு ஏற்றிவிட்டால்? ஆத்தா முடிவாகச் சொல்லிவிட்டது: "காசக் குடுத்துக் கூட்டியாங்க. நியாயத்தப் பெறகு பேசுவோம்."

காசுக்கு எங்கே போக? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கம் மொய் என்பது சும்மா கொடுக்கிற காசல்ல. நீ எனக்குச் செய்தால் உன் வீட்டு விசேஷத்தில் நான் திருப்பிச் செய்தாக வேண்டும். ஊரெல்லாம் நான் வாயைக் கட்டிப் போட்ட மொய் திரும்பி வரும் நாள் அது. அதை வைத்துச் சொந்தமாக ஒரு வண்டி எடுக்கலாம் என்றிருந்தேன். தம்பியை மீட்க என் மகள் காது குத்திக்கொள்கிறாள். என்னை மீட்க யார் காதையும் யாரும் குத்தவில்லை.

ஆத்தாவிடம் கேட்டே விட்டேன். "எனக்கு மட்டும் ஏன் நீ இப்படி அழுகல?"

"நீ அழுகுற மாதிரியாலே வந்து நின்ன? பக்கத்து ஊருக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி வந்து, சோறு போடுன்னு சொன்ன."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "குடுத்துருவோம். அந்தப் புகை எனக்குத் தெரியும்" என்றாள். அவளுக்காகத்தான் சரி என்றேன். விசேஷத்தன்று மொத்தப் பணமும் தருகிறோம், அதுவரை தம்பி மேல் கை வைக்கக்கூடாது என்று சித்தப்பா முதலாளிக்குப் போன் போட்டுப் பேசி முடித்தார்.

விசேஷத்தன்று முதலாளி தன் காரிலேயே தம்பி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். மொய்ப்பணத்தைச் சித்தப்பா எல்லார் முன்னிலையிலும் எண்ணிக் கொடுத்தார். மண்டபமே தம்பியைச் சுற்றிக்கொண்டது. அப்போதுதான் காது குத்திய என் மகள் ஒரு மூலையில் வீறிட்டுக் கத்துகிறாள். திரும்பிப் பார்க்க ஆளில்லை. ஆத்தா தம்பிக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தது.

முதலாளி பந்தியில் உட்கார்ந்து, கறியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவி வந்து, மொய் எழுதுகிற மேசையில் ஐந்நூறு ரூபாய்த் தாளை வைத்தார். "வரவு செலவு எப்படியும் போகட்டும். நமக்குள்ள பழக்கம் விட்டுப்போகக் கூடாது."

மொய் எழுதப் போனவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம்ண்ணே. இத வாங்குனா உங்க வீட்டு விசேஷத்துக்கு நாங்க திருப்பிச் செய்யணும். எங்க ரெண்டு பேரு கணக்கும் முடிஞ்சு போச்சு."

தாளை எடுத்து அவர் சட்டைப்பையிலேயே வைத்தேன். முகம் கறுத்துப் போய்க் காரில் ஏறினார். அதை யாராவது பார்த்தார்களா என்று திரும்பினேன். எல்லாரும் தம்பி முதுகிலிருந்த தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் தம்பி சொன்னான்: "இன்னும் நாலஞ்சு குடும்பம் அங்கனயே கெடக்குண்ணே. சங்கத்து அக்காவோட போயி மனுக் குடுக்கப் போறேன். நீயும் வா. நீ கெடந்ததையும் சேத்துச் சொல்லு."

"நான் உழைச்சுக் கழிச்சுட்டு வந்தவன்லே. எனக்கென்ன மனு?"

"ஒன்ன மட்டும் அவன் பூட்டாமலா வச்சிருந்தான்?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. அதையும் இவன்தான் கேட்க வேண்டியிருந்தது. வண்டியை எடுத்தேன். என் மனைவி உட்காருகிற முன்சீட்டில் அவன்தான் முதலில் ஏறிக்கொண்டான்.