முழுச் சாட்சி

துடியலூரைத் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பழைய தறிக்குடோன் ஒன்றை வாடகைக்குப் பிடித்துத்தான் அந்த மறுவாழ்வு இல்லத்தை நடத்தினார்கள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்த என்னை வேனில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோய், மொட்டை அடித்து, குளிப்பாட்டி, கஞ்சி ஊற்றினார்கள். நான் குடியை விட்டது அங்கேதான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நன்றி கெட்டவன் என்பீர்கள். சொன்னாலும் என்பீர்கள், பரவாயில்லை.

அங்கே மாத்திரை மருந்தைவிடப் பெரியது சாட்சி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வெளியாட்கள் வருவார்கள். பிரியாணி போடுகிறவர்கள், பழைய துணி கொடுக்கிறவர்கள். அவர்கள் முன்னால் எங்களில் ஒருவன் மைக்கைப் பிடித்து, குடித்த காலத்தில் செய்த அக்கிரமத்தையெல்லாம் கொட்டி, ஆண்டவர் தன்னைத் தூக்கியெடுத்த கதையைச் சொல்ல வேண்டும். எதையும் ஒளிக்காமல் சொன்னால் அது முழுச் சாட்சி. முழுச் சாட்சி சொல்லாதவனை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். எனக்குக் கவலையில்லை, என்னிடம் சரக்கு நிறைய இருந்தது. போகத்தான் வீடு இல்லை.

இல்லத்தை நடத்திய போதகரை ஐயா என்போம். மனுசர் கெட்டவர் இல்லை. எங்கள் வாந்தியைத் தன் கையால் அள்ளியவர்.

காங்கேயத்துக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். தேங்காய்க் களத்தில் கொப்பரை காயப்போடுகிற வேலை. குடி முற்றி வேலை போய், மனைவியின் அண்ணன் இவரை வீட்டை விட்டுத் துரத்தியடித்து, உக்கடத்தில் பிச்சை எடுத்துக்கொண்டு கிடந்தவர். அவர் மனைவி எங்கெங்கோ விசாரித்து இல்லத்துக்குப் போன் பண்ணினார். "நல்லாயிட்டாருன்னா சொல்லுங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறனுங்க" என்று ஐயாவிடம் சொல்லியிருந்தார். இந்த ஆளுக்கு வேறு நினைப்பே கிடையாது. சோற்றில் கை வைக்கும்போதும் "எப்பங்க அனுப்புவாங்க?" என்றுதான் கேட்பார்.

அவர் முறை வந்தது. மைக் முன்னால் நின்று, "குடிப்பனுங்க. குடிச்சுப்போட்டு ஊட்டுக்குப் போயி படுத்துக்குவனுங்க. அவ்வளவுதானுங்க" என்றார். பிரியாணிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் ஐயா அவரைக் கூப்பிட்டார். "சாட்சியில உயிரே இல்லையே பிரதர். வீட்டுல அடிச்சதில்லையா?"

"இல்லீங்க."

"போதையில என்ன செஞ்சோம்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குமா?"

அவர் யோசித்தார். யோசிக்காமல் இருந்திருக்கலாம், பாவி மனுசன். "அது இருக்காதுங்க."

"அப்புறம் அடிக்கலைன்னு எப்படிச் சொல்றீங்க? பிசாசு மறைக்குது. ஜெபிச்சுக் கேளுங்க."

அன்றிலிருந்து நாங்கள் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டோம். எனக்கு அந்த ஆளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். நாங்களெல்லாம் பெண்டாட்டி பிள்ளைகளை மிதித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம், இவர் மட்டும் குடித்துவிட்டு நல்லபிள்ளையாகத் தூங்கினாராம். யாருக்குத்தான் பொறுக்கும்? சமையலுக்கு வெங்காயம் உரிக்கும்போது கேட்டேன். "ஏனுங்க, நீங்க குடிச்சுப்போட்டு வந்தா பக்கத்து ஊட்டுக்காரங்க ஒதுங்கிப் போவாங்களா?"

"போவாங்க."

"பொறவென்னங்க? சும்மாவா ஒதுங்குவாங்க?"

அவர் வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உரிக்காமலே உட்கார்ந்திருந்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் காலை ஜெபத்தில் ஓவென்று அழுதார். அவர் மனைவிக்கு முன்பு ஒரு கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்திருந்தது. களத்தில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அந்தம்மா சொன்னது மட்டும்தான் இவருக்குத் தெரியும், இவர் அன்றைக்கு மப்பில் எங்கேயோ கிடந்தார். இப்போது கண்ணை மூடினால் தன் கால் தெரிகிறது என்றார். எட்டி உதைத்தது தெரிகிறதாம். ஐயா அவரைக் கட்டிக்கொண்டு தானும் அழுதார். அடுத்த ஞாயிறு வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அன்றைக்கே காங்கேயத்துக்குப் போன் போயிற்று.

அந்தம்மா அண்ணனோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். இவர் மைக்கைப் பிடித்தார். குழந்தையைக் கொன்றவன் நான்தான் என்று ஒன்று விடாமல் சொன்னார். குடோனே தேம்பியது. அந்தம்மா பதறிப்போய் எழுந்தார்.

"ஐயோ, அப்படி இல்லீங்க. நாந்தான் களத்துல வழுக்கி உழுந்தனுங்க. இவரு அன்னைக்குப் பக்கத்துலயே இல்லீங்க. இந்த மனுசன் என்னைய ஒரு சொல்லு சொன்னதில்லீங்க."

ஐயா மைக்கை வாங்கினார். "பாருங்க, ஒரு மனைவியோட மன்னிப்பைப் பாருங்க" என்றார். கூட்டம் அல்லேலூயா சொல்லிக் கை தட்டியது.

அந்தம்மா புருசனிடம் திரும்பினார். "நீங்களாச்சும் சொல்லுங்க மாமா."

"மறைக்காத அம்மிணி. எல்லாந் தெரிஞ்சுபோச்சு."

"இத்தன வருசமா எங்களுக்கே மறைச்சுப்போட்டியா நீ?" என்ற அண்ணன், தங்கச்சியின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். நான் எழுந்து, இது நாங்கள் ஓதிக் கொடுத்த கதை என்று கத்தியிருக்கலாம். வரிசையில் நின்று பிரியாணி வாங்கித் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

சில வாரம் கழித்து அவருக்குப் போன் வந்தது. ஆபீஸ் ரூமில் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேச விடுவார்கள், கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது. "எங்கண்ணன் கெடக்கறான், அவன நான் பாத்துக்கறேன். நாளைக்குப் பஸ் ஏறி வாரேன், கெளம்பி இருங்க மாமா." முழுச் சாட்சி சொல்லியாயிற்று, இனி தடை ஏது? ஐயாவும் போகலாம் என்று தலையாட்டினார்.

"வேண்டாம் அம்மிணி," என்றார் இவர். "நான் அங்க வந்து மறுபடி குடிச்சேன்னா உன்னையக் கொன்னே போட்ருவேன்."

அந்தப் பக்கமிருந்து, "நீங்க என்னைய அடிக்கலீங்க மாமா" என்று கேட்டது.

"உனக்குத் தெரியாது அம்மிணி" என்று சொல்லி அவர் போனை வைத்தார்.