எக்ஸ்ரே பிலிமில் வெள்ளைப் புள்ளிகள்

1. கொளஞ்சியின் கை

பெங்களூரில் விமானங்களைப் பழுதுபார்க்கும் ஷெட் ஒன்றில் நான் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தேன். கொளஞ்சி அங்கே ஆர்கான் வெல்டர். எனக்கு ஊர் சின்னசேலம், அவனுக்குப் பக்கத்து நைனார்பாளையம். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் குழாயில் விரிசல் கண்டால் அவனிடம்தான் கொடுப்பார்கள்.

ஆர்கான் வெல்டிங்கில் டார்ச்சின் டங்ஸ்டன் முனை உருகிய உலோகத்தில் பட்டுவிடக் கூடாது. பட்டால் ஒரு துணுக்கு உள்ளேயே தங்கிவிடும். மேலே பார்த்தால் தெரியாது. எக்ஸ்ரே பிலிமில் வெள்ளைப் புள்ளியாக விழும். பறக்கும்போது விரிசல் அங்கிருந்து ஓடலாம். அதனால் வெல்டர்கள் அவ்வப்போது டெஸ்ட் பீஸ் செய்து காட்டி அப்ரூவலைப் புதுப்பிக்க வேண்டும். தேறாதவன் விமானத்தைத் தொட முடியாது. கொளஞ்சியின் பிலிமில் நான் புள்ளி பார்த்ததே இல்லை.

2. மறியல்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். கொளஞ்சியின் மனைவி செல்வி தலைப்பிரசவத்துக்காகக் கல்வராயன் மலையடிவாரத்தில் தாய் வீட்டில் இருந்தாள். அவன் லீவில் போயிருந்தான். நானும் ஊருக்கு வந்திருந்தேன். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டதாக ஆள் வந்து சொன்னதும், வாடகைக் கார் பிடித்துக்கொண்டு ஓடினேன். போகும்போது வழி திறந்திருந்தது. செல்வியை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வரும்போது புளியமரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்திருந்தார்கள்.

மறியலில் இருந்த ஒருவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். "டேய், பிரசவக் கேசுடா. கட்டிலு ஒண்ணு எடுத்தாங்கடா, தூக்கிக்கினு போயிரலாம்" என்றார். கயிற்றுக் கட்டிலில் கிடத்தி மரத்தைத் தாண்டினோம். கார் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு மரம்.

"இன்னும் எத்தினி மரங்க வெட்டிக்கிறீங்க?" கொளஞ்சி மெதுவாகத்தான் கேட்டான். கட்டிலின் முன்காலைப் பிடித்திருந்த அதே ஆள் சொன்னார்: "கள்ளக்குறிச்சி வரைக்கும் வெட்டிக்கிறோம் தம்பி. நம்ம புள்ளைங்க படிப்புக்கும் வேலைக்கும்தான் இதெல்லாம்." சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. கட்டிலைத் தோள் மாற்றிக்கொண்டு அடுத்த மரத்தையும் தாண்டினோம்.

ஆஸ்பத்திரி வாசலில் கட்டிலை இறக்கியபோது செல்விக்கு மூச்சு நின்றிருந்தது. குழந்தையும் போய்விட்டது.

3. டெஸ்ட்

காரியம் முடித்து அவன் வேலைக்குத் திரும்பினான். அப்ரூவல் முடியும் நாள் நெருங்கியிருந்தது. கொஞ்சம் தள்ளிவைக்கும்படி மேனேஜரிடம் கேட்டேன்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா தேதி நம்ம கையில இல்ல. பாஸ் பண்ணா இருக்கட்டும், இல்லன்னா வேற செக்‌ஷன்தான்" என்றார்.

டெஸ்ட் செய்ய முடியுமா என்று கொளஞ்சியைக் கேட்டேன். "வூட்ல ஒக்காந்து இன்னாண்ணா பண்றது? குடுங்க, செய்யறேன்" என்றான்.

வெல்டிங் எப்போதும்போல் சில்லறைக் காசைச் சரித்து அடுக்கிய மாதிரி வரிசையாக இருந்தது. பிலிமில் வெள்ளைப் புள்ளிகள். மறு டெஸ்டிலும் அப்படித்தான். அவன் கை எங்கோ நடுங்கியிருக்கிறது, அவனுக்கே தெரியாமல்.

"பாத்து வுட்டுட முடியாதாண்ணா?"

"எஞ்சின் மவுண்டுப்பா."

"தெரியும். சும்மா கேட்டேன்."

ரிஜெக்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விமானத்தில் ஏறும் படிக்கட்டுகளும் டிராலிகளும் செய்யும் செக்‌ஷனுக்கு அவனை மாற்றினார்கள். சில மாதம் வந்தான். பிறகு வரவில்லை. நைனார்பாளையத்தில் விசாரித்தேன், அங்கும் வரவில்லை என்றார்கள். இன்றுவரை தகவல் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மனசு சரியில்லாத நாளில் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் உங்கள் வேலை தங்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. அன்றைக்குக் கொளஞ்சிக்கும் என்னால் கொடுக்க முடியவில்லை. நீங்கள் வெல்டிங் செய்யும் குழாயை நம்பி விமானம் ஏறுகிறவர்கள் பத்திரமாக இறங்குவார்கள், அவ்வளவுதான்.