ஸ்டெல்லாவின் மெயிலுக்குள் மூன்றாவது பிராசஸ்

பேய், பிசாசு, செய்வினை என்று யாராவது பேச்செடுத்தால் முதல் ஆளாகக் கிண்டல் செய்கிறவன் நான். பெங்களூரில் எங்கள் ஒக்கலிபுரத்தில் எல்லோரும் சுற்றிக்கொண்டு போகிற எலுமிச்சம்பழத்தை மிதித்துவிட்டு ஆபீஸ் போனவன். அதனால் நீங்கள் நம்பவில்லை என்றால் கோபப்பட மாட்டேன். பயத்தைவிட வெட்கம்தான் எனக்கு அதிகம், இத்தனை வருஷம் வாயைத் திறக்காததும் அதனால்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். மவுஸெல்லாம் கிடையாது, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, எல்லாமே கட்டளை அடித்துத்தான், மெயில் உட்பட. மெயிலுக்குள் இருந்துகொண்டே ‘ஸ்பான்’ என்று அடித்தால், மெயில் பின்னால் காத்திருக்க, அதன் பிள்ளையாக ஒரு புது பிராசஸ், அதாவது தனியாக ஓடும் இன்னொரு வேலை, பிறக்கும். அதில் வேறு வேலை பார்க்கலாம். லாக்அவுட் அடித்தால் பிள்ளை மட்டும் போய், மெயில் திரும்பவும் திரைக்கு வரும். முழுசாக மூடினால் மறுபடி உள்ளே நுழைய நேரமாகும் என்பதால், சாப்பிடப் போகும்போதுகூட எல்லோரும் இப்படியே விட்டுவிட்டுத்தான் போவோம்.

ஸ்டெல்லா எனக்கு அடுத்த சீட். பிரேசர் டவுன்காரி, என்னைவிடக் கெட்டிக்காரி, அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஒரு வாடிக்கையாளரிடம் போய் வேலை செய்ய ஒரே ஓர் இடம். அவளா நானா என்று இருந்தது. அன்று மதியம் அவள் அப்பாவுக்கு மயக்கம் என்று போன் வர, போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். என் டெர்மினல் மக்கர் செய்ததால் அவளுடையதில் உட்கார்ந்து, சும்மா கிடக்கிறது என்று நினைத்து லாக்அவுட் அடித்தேன். அவளுடைய மெயில் வந்து நின்றது. மேலேயே வாடிக்கையாளர் கடிதம்: உங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம், இன்றே சம்மதம் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்தவரை அழைப்போம்.

அடுத்தவர் நான். அழித்தேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

யாரும் தொடாத மாதிரி இருக்க, மறுபடி ஸ்பான் அடித்து அவள் விட்டுப்போனபடியே வைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா, அவள் பெயரில் என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் எடுத்துப் பார்த்தேன். மெயில் ஒன்று, நான் பிறப்பித்தது ஒன்று, இரண்டுதான் இருக்க வேண்டும். மூன்று இருந்தது. அந்த மூன்றாவதும் அதே மெயிலிலிருந்து பிறந்ததுதான். சத்தியமாக நான் பிறப்பிக்கவில்லை, அவளோ ஆஸ்பத்திரியில், அந்த அறையில் வேறு ஆளே இல்லை. நிறுத்தலாம் என்று போவதற்குள் தானாகவே முடிந்து மறைந்துவிட்டது. வெளியே நல்ல வெயில். டீ கொண்டு வந்த நஞ்சப்பா, “யாக் சார், முக ஹிங்கிதெ?” என்றார், முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று.

மறுநாள் எனக்கு அழைப்பு வந்தது. வெட்கமில்லாமல் போனேன். ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்த அன்று ஸ்டெல்லா ஒரு பிரிண்ட்அவுட்டோடு என் சீட்டுக்கு வந்தாள்.

“முரளி, உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லணும்.”

அவள் மெயிலிலிருந்து, அவள் பெயரில், வாடிக்கையாளருக்குப் போன பதில் அது. அப்பாவுக்கு இன்னும் மூன்று மாதம்தான், நான் பக்கத்தில் இருக்க வேண்டும், என் இடத்தில் முரளியை அழைத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. நேரம் பார்த்தேன். அன்று மதியம், நான் அந்த நாற்காலியில் இருந்த அதே நேரம்.

“நான் அனுப்பல. என் சீட்ல நீங்கதான் இருந்தீங்கன்னு நஞ்சப்பா சொன்னாரு. அப்பாகூட கடைசிவரைக்கும் இருந்தேன் முரளி. அமெரிக்கா போயிருந்தா என்னை நானே மன்னிச்சிருக்க மாட்டேன்.”

நான் எழுதவில்லை என்று சொன்னால், அங்கே உட்கார்ந்து என்னதான் செய்தாய் என்ற கேள்வி வரும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். தலையை ஆட்டி அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

போகிறவள் நின்று திரும்பினாள். “ஒண்ணு கேக்கலாமா? அந்த நேரத்துல டாக்டரே அப்பாவைப் பாக்கல. மூணு மாசம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“சும்மா, தோணுச்சு,” என்றேன். அவள் அதையும் நம்பினாள்.

அவள் அப்பா மூன்று மாதம்தான் இருந்திருக்கிறார். அதைக்கூட விடுங்கள், எப்படியோ ஒத்துப்போனது என்று வைத்துக்கொள்வோம். எப்படியும் அடுத்தவன் நான்தான், அந்தக் கடிதத்தில் என் பெயர் எதற்கு? அந்த மூன்றாவது பிராசஸில் எழுதியது யாராக இருந்தாலும், நான் அழித்ததைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறது.