உம்மாவின் தைலப் போத்தல்

மகளின் பாடசாலையில் நாடக ஒத்திகை. அழவேண்டிய பிள்ளையின் கண்ணுக்குக் கீழே டீச்சர் தைலம் தடவினார். உடனே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எனக்கு ஒன்பது வயதில் வாப்பா மௌத்தானார். வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்த மையித்தின் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த உம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, அதே விரலால் என் கண்ணையும் துடைத்தேன். கண் பற்றி எரிந்தது. விரலை முகர்ந்தேன். தைலம்.

திகைத்துப்போய் உம்மாவைப் பார்த்தேன். அவர் என்னை முக்காட்டுக்குள் இழுத்துக் காதில் சொன்னார்: “எனக்கு அழுகை வருதில்ல மகள். அழாட்டி சனம் கதைக்கும்.”

அவர் கைக்குள் அந்தச் சின்னப் போத்தல் இருந்தது. வாப்பா அடித்த நாள்களிலெல்லாம் உம்மாவின் முதுகில் நான் தடவிவிட்டது அதிலிருந்துதான்.