கேமராவில் தவிடு, எனக்கு வயிற்றெரிச்சல்

இன்று காலை ஆபீஸில் ஒரே ஒரு பட்டனை அழுத்த எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது!

அப்ரூவ் பட்டன். அழுத்தினால் ஸ்டெல்லா செய்த திருத்தம் நான் எழுதிய புரோகிராமுக்குள் போய்விடும்.

(ஸ்டெல்லா சேர்ந்து இரண்டே மாதம். நான் ஆறு வருஷம்!)

விஷயம் இதுதான். திருவையாறு பக்கம் ஹாஜா பாய் ரைஸ் மில்லில், பெல்ட்டில் ஓடும் அரிசியில் கருத்துப்போன மணி எத்தனை என்று கேமரா பார்த்து எண்ணிச் சொல்லும். படத்தை அலசுவது யாரோ எழுதி வைத்த ரெடிமேட் புரோகிராம், எங்கள் பாஷையில் லைப்ரரி. அது சொல்லும் பதிலை வாங்கி மில் ஸ்க்ரீனுக்கு அனுப்பும் ரேப்பர் மட்டும் நான் எழுதியது.

மூன்று வாரமாக ஸ்க்ரீனில் "கருப்பு: 0".

பாய் போன் போட்டுப் புகழ்ந்தார். மேனேஜர் மீட்டிங்கில் கைதட்டவே வைத்தார். நானும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

நேற்று ஸ்டெல்லா மில்லுக்குப் போய்விட்டு வந்தாள்.

"அண்ணா, லென்ஸ் முழுக்க தவிடு. கேமராவுக்கு ஒண்ணுமே தெரியல."

"தெரியலன்னா எரர் வருமேம்மா?"

"அரிசியே தெரியலன்னா லைப்ரரி மைனஸ் ஒண்ணு குடுக்குது. உங்க ரேப்பர் அதை ஜீரோன்னு மாத்தி அனுப்புதுண்ணா."

(ஸ்க்ரீனில் மைனஸ் வந்தால் அசிங்கமாக இருக்குமே என்று நான்தான் அப்படி எழுதினேன். சத்தியமாக மறந்தே போச்சு!)

அவள் மாற்றியது இரண்டே வரி. இனிமேல் மைனஸ் ஒன்று வந்தால் "லென்ஸைத் துடைக்கவும்" என்று ஸ்க்ரீனில் வரும்.

மேனேஜர், "என்ன மூளைப்பா இந்தப் பொண்ணுக்கு!" என்றார். ஆமாம், எனக்குப் பொறாமை. பற்றிக்கொண்டு எரிந்தது.

அந்த இரண்டு வரியில் இரண்டு மணி நேரம் குறை தேடினேன். ஒரு ஸ்பேஸ் அதிகமாக இருந்தது. கமெண்ட் போட்டேன்!

ஒரே நிமிஷத்தில் பதில்: "சரி பண்ணிட்டேண்ணா, தேங்க்ஸ்!"

(அந்த தேங்க்ஸில்தான் இன்னும் எரிந்தது.)

வேறு வழியில்லை. அழுத்தினேன்.

மத்தியானம் மில்லில் லென்ஸைத் துடைத்தார்கள். ஸ்க்ரீனில் "கருப்பு: 43".

உடனே பாய் போன்.

"தம்பி, புதுசா என்னமோ மாத்திட்டீங்களாமே? கருப்பு கருப்பா வருது! நீங்க போட்ட பழசுதான் நல்லா இருந்துச்சு. அதையே போட்டுக் குடுங்களேன்!"

அது தப்பு என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன். ஆனால் அதற்கு முன்னால்,

"பாய், சரியா கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

ஸ்டெல்லா பக்கத்து டேபிள்.

நீங்களே சொல்லுங்கள் மக்களே, நான் அவ்வளவு கெட்டவனா?