அகில இலங்கை வாலாட்டிப் படகுச் சங்கம்

1957ஆம் ஆண்டு நகரசபைத் தேர்தலில் நின்று இருபத்துமூன்று வாக்குகள் வாங்கினேன். எங்கள் வட்டாரத்தில் என் மனைவி ரபீக்காவின் சொந்தக்காரர்கள் மட்டுமே முப்பத்தொரு பேர். மலைநாட்டு ஹட்டனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் மஃறூப் ஆகிய நான், பாய்ப்படகுச் சங்கமொன்றுக்கு எப்படிக் காரியதரிசி ஆனேன் என்பது இதிலேயே பாதி விளங்கிவிடும். எனக்கு ஒரு பதவி வேண்டியிருந்தது. எந்தப் பதவி என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

அடுத்த வருடம் றொசல்லப் பக்கத்துத் தோட்டமொன்றின் வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பினார். பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அங்கே ஆணி அடித்து மூடிய நீளமான மரப்பெட்டி ஒன்று இருந்தது. தூக்கிப் பார்த்தேன். நல்ல பாரம். பித்தளைச் சாமானாக இருக்கும் என்று நினைத்து எடுத்துவிட்டேன். கடையில் வைத்துத் திறந்தால் உள்ளே ஒரு வெள்ளைப் பாய், கயிறு, கப்பிகள், ஒரு சின்னப் படகின் வரைபடங்கள். பாயின் நடுவில் ஒரு வாலாட்டிக் குருவி. வீட்டிலேயே பலகை அறுத்துச் செய்து, குடும்பத்தோடு ஏறி ஓட்டக்கூடிய படகாம் அது. அதன் பெயரே வாலாட்டி.

அதுவரை நான் நெருங்கிப் பழகிய ஆகப் பெரிய தண்ணீர், பள்ளிவாசலில் தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளு எடுக்கும் தடாகம்தான். ஆகவே இந்தச் சாமான்களை இலங்கையில் யாருக்கு விற்கலாம் என்று கேட்டு, வரைபடத்தில் இருந்த இங்கிலாந்து விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இலங்கையிலிருந்து வாலாட்டியைப் பற்றி எழுதிய முதல் ஆள் நான்தானாம். இங்கே ஒரு தேசியச் சங்கம் இல்லாதது பெரிய குறையாம். கௌரவ காரியதரிசியாக இருக்க எனக்குச் சம்மதமா?

யோசிக்க அவகாசம் எடுத்ததாகச் சொல்ல ஆசைதான். அன்று பின்னேரமே சம்மதக் கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன். மறுவாரம் 'அகில இலங்கை வாலாட்டிப் படகுச் சங்கம், ஹட்டன்' என்று ரப்பர் முத்திரை செய்து வந்தது. படகு என்று ஒன்று இன்னும் இல்லை.

"வாலாட்டிச் சங்கமா?" என்றாள் ரபீக்கா. "இது நீங்க எலக்சன்லயே செஞ்ச வேலதானே. இதுக்கு என்னத்துக்குச் சங்கம்?"

விதிப்புத்தகம் வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ஒரு நாட்டுச் சங்கம் என்றால் குறைந்தது இரண்டு படகுகள் வேண்டும். அவற்றை அளந்து சான்றிதழ் கொடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தேசியப் போட்டி நடத்த வேண்டும். ஒரு படகில் ஏறும் இருவரும் ஒரே குடும்பத்தவராக இருக்க வேண்டும்.

றொசல்லத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி அடிக்கும் பொன்னையா, ஆணி வாங்க என் கடைக்கு வருகிறவர்; என்னை அண்ணன் முறையில் 'நானா' என்பார். அவருக்கு வரைபடத்தைக் காட்டினேன். கொழுந்துக் கூடையோடு வந்திருந்த அவர் மனைவி அழகம்மாவும் எட்டிப் பார்த்தார்.

"தேயிலைப் பெட்டிப் பலகையிலேயே செஞ்சிரலாம் பொன்னையா. ஒனக்கு அது கை வந்த வேல" என்றேன்.

"அது தேயிலைக்கு ஆன பலகைங்க நானா. தண்ணில போட்டா ரெண்டே நாள்ல அப்பளம் மாதிரி பிரிஞ்சிரும். நல்ல பலகை கொழும்பிலருந்து எடுங்க. ரெண்டு படகா செய்வோம். ஒண்ணு ஒங்களுக்கு, ஒண்ணு எங்களுக்கு."

"எங்களுக்கா?" என்று அழகம்மா திடுக்கிட்டார்.

"குடும்பத்தோட ஏறணும்னு போட்டிருக்காம்ல. வேற யாரக் கூட்டிக்கிட்டுப் போறது?"

கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. பொன்னையா தன் படகை அறுத்தார். என் படகை நானே அறுப்பேன் என்று நான் அடம்பிடித்தேன். காரியதரிசி பலகை அறுக்காமல் இருந்தால் இங்கிலாந்தில் என்ன நினைப்பார்கள்? பொன்னையா தன் மடக்குக் கோலை நீட்டினார். "என் கடையிலேயே கஜக்கோல் இருக்கு" என்று மறுத்துவிட்டேன்.

1960ஆம் ஆண்டு ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நுவரெலியாவுக்கு வெறுமையாகத் திரும்பிய மரக்கறி லொறியில் இரண்டு படகுகளையும் ஏற்றிக்கொண்டு முதலாவது தேசியப் போட்டிக்குப் போனோம். கிரகரி வாவியில் காற்று பலமாக அடித்தது. ரபீக்கா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு குடையோடு வந்தாள். எனக்கு நீந்தத் தெரியாது என்பதால் வாய் அடைத்த இரண்டு மண்ணெண்ணெய் டின்களை இடுப்பில் கட்டியிருந்தேன். பார்க்க வந்தவர்கள் படகுகளைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

போட்டிக்கு முன் அளவெடுக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து அதற்கென்று ஓர் உருக்கு நாடா அனுப்பியிருந்தார்கள். சாட்சியாகக் கையெழுத்துப் போட ஹட்டனிலிருந்து வீரய்யா மாஸ்டரைக் கூட்டி வந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். அவர் பொன்னையாவின் படகை அளந்தார். மயிரிழை பிசகவில்லை. பிறகு என் படகுக்கு வந்தார். ஒரு தரம் அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் அளந்தார்.

"அகலத்துல ரெண்டு அங்குலம் குறையுதுங்க. நீளத்துல நாலு அங்குலம்."

"நாடா குளிர்ல சுருங்கியிருக்கும்" என்றேன்.

"சுருங்கினா கூடுதலாத்தானே காட்டணும்?" என்றார் மாஸ்டர். "எதால அளந்தீங்க?"

என் கடைக் கஜக்கோலின் நுனி தேய்ந்து, முதல் அங்குலம் இல்லாமல் போய்ப் பல வருடம். கயிறும் கம்பியும் அளந்து கொடுக்கும்போது அது எனக்குத் தெரியும். படகுக்கு அளக்கும்போது மறந்துபோனது. கோலைத் தூக்கித் தூக்கி வைத்த ஒவ்வொரு தடவையும் ஓர் அங்குலம் போயிருக்கிறது. அகலத்துக்கு இரண்டு தடவை, நீளத்துக்கு நாலு தடவை.

பொன்னையாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தக் கோலால் அளந்த கயிற்றை எத்தனையோ தரம் வாங்கிக்கொண்டு போனவர் அவர். அவர் என்னைப் பார்க்காமல் வாவியைப் பார்த்தார். ரபீக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைக் கோலாலயா அளந்தீங்க?" என்றாள்.

அளவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். சரி என்று எழுதினால் இங்கிலாந்துக்குத் தெரியப்போவதில்லை. பேனா மூடியைக் கழற்றியும் விட்டேன். ஆனால் அங்கே மூன்று பேர் வாவியைப் பார்த்துக்கொண்டும் ஒருத்தி என்னைப் பார்த்துக்கொண்டும் நின்றதில் கை ஓடவில்லை. 'அளவு குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டு என் படகை நானே தள்ளுபடி செய்தேன்.

அந்த வருடத் தேசியப் போட்டியில் ஒரே ஒரு படகு ஓடியது. பொன்னையா சுக்கானைப் பிடிக்க, அழகம்மா பாய்க்கயிற்றை இழுக்க, மூன்று மிதவைகளையும் சுற்றி வந்து அகில இலங்கைச் சாம்பியன் ஆனார்கள். மரியாதைக்காகப் பின்னால் போன எங்கள் படகு முதல் மிதவையிலேயே கவிழ்ந்தது. டின்கள் என்னை மிதக்கவைத்தன, ஆனால் தலைகீழாக. தண்ணீர் இடுப்பளவுதான் என்பதை ரபீக்கா எழுந்து நின்று காட்டினாள். குடை மட்டும் போய்விட்டது. வீடு திரும்பியதும் அவள் செய்த முதல் வேலை கஜக்கோலை அடுப்பில் வைத்ததுதான்.

உள்ளதை உள்ளபடி எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பினேன். சங்கத்தை மூடிவிடுவார்கள் என்று பயந்தேன். மூடவில்லை. இரண்டாவது படகைச் சீக்கிரம் சரியாகக் கட்டுங்கள் என்று தவணை கொடுத்தார்கள். இந்த முறை என் கை வாளைத் தொடக்கூடாது என்பது ரபீக்காவின் நிபந்தனை. பொன்னையாவே கட்டி முடித்தார். 1962இல் இரண்டு படகுகள் முறைப்படி ஓடின. நாங்கள் இரண்டாவதாக வந்தோம். எவ்வளவு பிந்தி என்று அறிக்கையில் நான் குறிப்பிடவில்லை.

அந்த அறிக்கைக்குப் பதிலாகத்தான் பெரிய செய்தி வந்தது. மறுவருடம் இங்கிலாந்தில் உலகப் போட்டி. எங்கள் சாம்பியன்கள் வரலாம், தங்குமிடம் அவர்கள் பொறுப்பு. பத்திரமொன்றை நிரப்பி அனுப்ப வேண்டும். பொன்னையாவையும் அழகம்மாவையும் கடையில் உட்காரவைத்து, பெயர், வயது, படகு இலக்கம் எல்லாம் எழுதினேன். அடுத்த கட்டத்தில் 'நாடு' என்றிருந்தது.

"எந்த நாடுன்னு எழுத, பொன்னையா?"

"அதத்தான் நானா நானும் பத்து வருசமா அரசாங்கக் கச்சேரில கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தார். பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது என்றும், அப்பா இங்கே பிறந்ததற்குப் பத்திரம் கேட்கிறார்கள் என்றும், அந்தக் காலத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பத்திரம் எழுதினார்கள் என்றும் சொன்னார்.

"றொசல்லன்னு எழுதுங்க. அங்கதான பொறந்தோம்" என்றார் அழகம்மா.

எந்தக் கச்சேரியிலும் நான் யார் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. அன்றுவரை அதை ஒரு பாக்கியமாக நான் நினைத்ததும் இல்லை. 'இலங்கை' என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் சங்க முத்திரையைக் குத்தினேன். பொன்னையா அந்தத் தாளைக் கையில் வாங்கி மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை எல்லாம் எனக்குப் பெருமைதான்.

என் முத்திரையை வைத்துக்கொண்டு யாரும் கப்பல் ஏற முடியாது. கடவுச்சீட்டு வேண்டும். அது பொன்னையாவுக்குக் கிடைக்காது. இதை எழுதியபோது இங்கிலாந்திலிருந்து, அப்படியானால் இரண்டாவதாக வந்தவர்களை அனுப்பலாமே என்று பதில் வந்தது.

இரண்டாவதாக வந்தவன் நான்.

அந்தக் கடிதத்தை ரபீக்காவிடம்கூடக் காட்டாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே தையல்காரரிடம் போய் ஒரு கம்பளிக் கோட்டுக்கு அளவு கொடுத்தேன். கடையில் பொன்னையாவைக் கண்டால் கணக்குப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கப்பலில் சாப்பாடு ஹலாலாக இருக்குமா என்று யாரிடமோ கேட்கப்போய், ரபீக்காவின் காதுக்கு எட்டிவிட்டது.

"நீங்களா போகப்போறது?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ரபீக்கா வர மறுத்ததால் நான் போகாமல் விட்டேன் என்றோ, பொன்னையாவை நினைத்து மனம் மாறினேன் என்றோ சொல்லலாம். நடந்தது வேறு. வெளிநாட்டுச் செலாவணி தர முடியாது என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. அதை வாசித்து முடித்த மறுநாள்தான் நான் இங்கிலாந்துக்கு எழுதினேன்: 'எங்கள் சாம்பியன் வர முடியாத போட்டிக்கு இலங்கையிலிருந்து வேறு எவரும் வருவதை எமது சங்கம் விரும்பவில்லை.'

அதை அவர்கள் தங்கள் சஞ்சிகையில் பெரிய எழுத்தில் அச்சடித்து, மலைநாட்டுக் காரியதரிசியின் பெருந்தன்மை என்று தலைப்பும் போட்டுவிட்டார்கள். வீரய்யா மாஸ்டர் அதைப் பள்ளிக்கூடத்தில் வாசித்துக் காட்டினார். தெருவில் ஆட்கள் நிறுத்திக் கைகொடுத்தார்கள். தேர்தல் இன்னொரு தரம் வந்திருந்தால் அந்த முப்பத்தொரு பேரும் எனக்குப் போட்டிருப்பார்கள். ஒரு வாரம்தான் தாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை படகுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த பொன்னையாவிடம் போய் உட்கார்ந்தேன்.

"பொன்னையா, நான் போகத்தான் இருந்தேன். கோட்டுகூடத் தைக்கக் கொடுத்தேன்."

அவர் தூரிகையை நிறுத்தவில்லை. "தெரியும் நானா. நீங்க அளவு குடுக்கும்போது அழகம்மா அங்கனதான் ரவிக்கைக்குக் குடுத்துக்கிட்டு நின்னுச்சு."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல்ல?"

"என்னத்த சொல்ல? நீங்க போயிருந்தா கடைசியா வந்திருப்பீங்க. அத நெனச்சு நாங்க ரெண்டு பேரும் ரெண்டு மாசமா சிரிச்சுக்கிட்டு இருந்தோம். அது நடக்காமப் போச்சேன்னுதான் கவல." பிறகு டின்னை என் பக்கம் தள்ளி, "சும்மா ஒக்காந்திருக்காம அந்தப் பக்கத்தப் பூசுங்க. கோட்டத் தாண்டாம" என்றார்.

இப்போது 1965. சங்கத்தில் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. வீரய்யா மாஸ்டரும் மனைவி நாகலெட்சுமியும் ஒரு படகு கட்டிக்கொண்டார்கள். எங்கள் படகில் ரபீக்காதான் சுக்கான் பிடிக்கிறாள். தண்ணீரை இறைத்து ஊற்றுவது என் வேலை. போன வருடம் இரு அரசுகளும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பும் ஆட்களின் கணக்கில் தாங்கள் இருக்கிறோமா இல்லையா என்பது பொன்னையாவுக்கும் அழகம்மாவுக்கும் இன்னும் தெரியாது. கேட்டால், ஞாயிற்றுக்கிழமை காற்று எப்படி இருக்கும் என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

இந்த வருடப் பொதுக்கூட்டம் என் கடையில், ஆணிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து நடந்தது. அழகம்மா தலைவியாகத் தெரிவானார். காரியதரிசிப் பதவிக்கு வேறு யாரும் முன்வரவில்லை. புதிதாகத் தண்ணீர் நிரம்பியிருக்கும் காசல்ரீ நீர்த்தேக்கம் பக்கத்திலேயே இருக்க நுவரெலியாவுக்கு ஏன் லொறி பிடிக்க வேண்டும் என்று தலைவி கேட்டார். அங்கே ஓட்ட அனுமதி கேட்டுச் சம்பந்தப்பட்ட காரியாலயத்துக்கு நான் சிங்களத்தில் கடிதம் எழுதினேன். சங்கத்தின் பெயரையும் நானே மொழிபெயர்த்தேன். 'வாலை ஆட்டுபவற்றின் சங்கம்' என்று வந்திருக்கிறது போலும். போன வாரம் பதில் கிடைத்தது: நீர்த்தேக்கத்தில் மாடுகளைக் குளிப்பாட்ட எக்காரணம் கொண்டும் அனுமதி இல்லை.

இரண்டாவது கடிதத்தை ரபீக்கா எழுதிக்கொண்டிருக்கிறாள்.