திறந்து பார்க்காமல் அழித்தேன்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நான் வளைகுடாவில் வேலை பார்த்தபோது ஊரிலிருந்து மனைவி அனுப்பிய குரல் பதிவுகளை, அவள் இறந்தபின் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன். இடம் நிரம்பியதால் கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள் தேடினேன். யாரிடமும் கேட்கக் கூச்சம். தமிழில் விளம்பரம் இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் சுருக்கிவிட்டு அசலை அழித்தேன்.

நினைவு நாளன்று மகள், "அம்மைக்க சத்தத்தப் போடுங்கப்பா" என்றாள். கோப்பு திறக்கவில்லை.

குளச்சலில் கம்ப்யூட்டர் கடைக்காரர், "கோப்பு கெட்டுப்போச்சு அண்ணே. அசல் இருக்கா?" என்றார். இல்லையென்று தலையசைத்தேன். வீட்டுக்கு வந்து பழைய போனைத் தேடி எடுத்தேன்.

அதில் அவள் குரல் பதிவு ஒன்று மட்டும் கிடந்தது. "சாளை மீன் பொரிச்சிருக்கேன். ஒங்க பங்கப் பூனைக்குப் போட்டிரட்டா?"

இப்போது எதைச் சுருக்கினாலும், திறந்து பார்த்த பிறகே அசலை அழிக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் சுருக்கவே இல்லை.